பீக் ஃப்ளோ மீட்டர்: வாங்குவது சுலபம், எண்ணைப் படிப்பதில்தான் விஷயம்

ஆஸ்துமா உள்ளவர்கள் ஊதும் காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று வீட்டிலேயே அளக்கும் கருவிதான் பீக் ஃப்ளோ மீட்டர். வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பெரிய மருந்துக்கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஸ்பிரிங் வகைதான். பேட்டரி கிடையாது. பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஸ்பிரிங், மேலே அளவுகோல், அதில் நகரும் முள். வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். டிஜிட்டல் மீட்டர் எண்களைச் சேமித்து வைக்கும். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் ஆயிற்று.

வாங்கும்போது அளவுகோலைப் பாருங்கள். பெரியவர்களுக்கானது வழக்கமாக நிமிடத்துக்கு 60 முதல் 800 லிட்டர் வரை இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 400 வரை உள்ள குறைந்த அளவு மீட்டரே சரி. பெரியதில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் சின்ன மாற்றம் கண்ணில் படாது. பழைய ரைட் (Wright) அளவுகோல் மீட்டர் யாராவது கொடுத்தால் வேண்டாம். நடு அளவுகளில் கூடுதலாகக் காட்டும், புதிய மீட்டரின் எண்ணோடு ஒத்துப்போகாது.

முள்ளை அடிக்குத் தள்ளி, எழுந்து நின்று, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் வாய்க்குழாயை இறுக மூடி, ஒரே வீச்சில் வேகமாக ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் நீட்டி ஊதிப் பயனில்லை. ஊதத் தொடங்கியதும் வரும் உச்ச வேகத்தைத்தான் முள் பிடிக்கிறது. விரல் முள்ளின் பாதையை மறித்தாலோ, நாக்கு குழாயை அடைத்தாலோ எண் குறையும். இருமியோ, எச்சில் துப்புவதுபோலோ ஊதினால் பொய்யாக ஏறும். மூன்று முறை ஊதி, அதிகபட்சத்தை மட்டும் எழுதுங்கள். சராசரி எடுக்கக் கூடாது. மேல் இரண்டு எண்களுக்கு நடுவே 40க்கு மேல் இடைவெளி இருந்தால் ஊதியது சரியில்லை, மறுபடி ஊதுங்கள்.

பெட்டிக்குள் வரும் வயது, உயர அட்டவணையை நம்பி உட்கார வேண்டாம். மூச்சு நன்றாக இருக்கும் இரண்டு, மூன்று வாரம் காலையும் மாலையும், இன்ஹேலருக்கு முன்பு ஊதி எழுதினால் வரும் உச்ச எண்தான் உங்கள் அளவுகோல். அது 420 என்றால் 336க்கு (80 சதவீதம்) மேல் பச்சை, 210 (50 சதவீதம்) முதல் 336 வரை மஞ்சள், 210க்குக் கீழே சிவப்பு. மஞ்சளில் மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நடக்க வேண்டும். சிவப்பில் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடத்தின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு வாக்கியம் பேசவே மூச்சு வாங்கினால் எண் பச்சையில் இருந்தாலும் கிளம்புங்கள். ஏனென்றால் பெரிய மூச்சுக்குழாய்கள் சுருங்குவதை மீட்டர் நன்றாகக் காட்டும், சின்னவை சுருங்குவது தப்பிவிடலாம்.

காலை 320, மாலை 410 என்றால் வித்தியாசம் 90. இரண்டின் சராசரி 365. கிட்டத்தட்ட 25 சதவீத ஏற்ற இறக்கம். பெரியவர்களுக்கு இது தினமும் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணூர் சாலை லாரிப் புழுதி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை, போகி காலை என்று தேதியோடு பக்கத்தில் குறித்து வையுங்கள். எது உங்களை இறக்குகிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

வீட்டில் ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள். தரநிலையே 10 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. ஒன்றில் 400 காட்டும் ஊதல் இன்னொன்றில் 360 காட்டலாம். அதை மூச்சு இறங்கியதாக நினைத்து மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள்.

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்காற்றில் ஈரம் சீக்கிரம் போகாது. ஈரத்தோடு டப்பாவில் போட்டால் முள் ஒட்டும். சில மலிவு மாடல்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லையைக் காட்டும் நிறக் கிளிப்புகள் கழுவும்போது இடம் மாறிவிடுகின்றன. எல்லை எண்களை மார்க்கரில் குழாய் மேலேயே எழுதிவிடுங்கள்.