இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாங்குவது எது? பெட்ரோல், டீசல், ஹைப்ரிட், எலெக்ட்ரிக்

"டீசல் வண்டிதான் உழைக்கும்" என்ற பேச்சு நம்மூரில் இன்னும் ஓயவில்லை. பழைய இன்னோவாக்கள் டாக்ஸியாக நாலைந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதை நம்பி இன்றைய டீசல் காரை வாங்கி, ஊருக்குள் மட்டும் ஓட்டினால் பணம்தான் கரையும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைபோக்கியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி சேர்ந்தது. அது கரித்துகளைப் பிடித்து வைத்து, சூடு ஏறியதும் எரித்துவிடும். அந்தச் சூடு வர, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தாம்பரத்தில் கிளம்பி குரோம்பேட்டையில் நிறுத்துகிறவருக்கு அது எங்கே வாய்க்கும்? வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல், பல வண்டிகளில் இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். அப்படி நீர்த்த ஆயில் டர்போவையும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) பேரிங்கையும் தேய்த்துவிடும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் பைபாஸில் ஓடுகிறவர் தாராளமாக டீசல் வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

வீட்டு உபயோகத்துக்கு என் ஓட்டு டர்போ இல்லாத சாதா பெட்ரோலுக்குத்தான். மாருதியின் கே சீரிஸ், ஹோண்டாவின் ஐ-விடெக் போன்ற இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின்தான். குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றினால் இரண்டு லட்சம் பெரிய விஷயமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் 10,000 என்றால், ஆர்.சி. முடிகிற 15 வருடத்தில் 1.5 லட்சம்தான். எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டித்தாலும் இன்ஜின் தாங்கும். முதலில் போவது ரப்பர் புஷ், ஏ.சி., சென்சார், கடற்கரை ஊர் என்றால் அடிப்பாகத் தகரம். கூலன்ட் குறைந்ததும் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் மோசம். அந்த உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து, அலுமினியத்தை அரித்து, இன்ஜின் சூடேறி, அதன் மேல்பாகத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய் கூலன்டை மிச்சம் பிடிக்கப் போய் பல ஆயிரம் செலவு.

டர்போ பெட்ரோல் ஓட்ட சுகம். ஆனால் ஆயிலைத் தள்ளிப்போட்டால் மன்னிக்காது. வருடக்கணக்கில் வைத்திருக்க நினைப்பவருக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்குவதுதான் ஹைப்ரிட். டொயோட்டாவின் ஹைப்ரிட் அமைப்பில் வழக்கமான கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எதுவும் கிடையாது. மின் மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. அதைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்தே போகிறது. அந்தத் துவாரத்தைப் பை, துணியால் மறைக்காமல் இருந்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது. முதலில் கூடுதல் பணம் போட முடிந்தால், சாதா பெட்ரோலுக்கு நிகராக நான் வைப்பது இதைத்தான்.

எலெக்ட்ரிக்கில் மோட்டார் பற்றிக் கவலையே வேண்டாம். கேள்வி பேட்டரிதான். ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயதாகும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் நிழலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டாடா நெக்ஸான் இ.வி., பி.ஒய்.டி. கார்களில் உள்ள எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, நிக்கல் கலந்த வகையைவிட அதிகத் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாங்கும். பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து விலை பேசாமல், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.