எஃகின் நிலைமாற்றத்தை அளக்க: டைலடோமீட்டரா, லேசர் மீயொலியா?

தூய இரும்பு 912 டிகிரி செல்சியசில் ஃபெரைட் என்ற படிக அமைப்பிலிருந்து ஆஸ்டினைட் என்ற வேறொரு படிக அமைப்புக்கு மாறும்போது (இதுவே நிலைமாற்றம்), அணுக்கள் மேலும் நெருங்கி அடுக்கப்படுவதால், அதுவரை வெப்பத்தில் நீண்டுகொண்டே வந்த துண்டு சட்டென்று சுருங்குகிறது. நீள மாற்றத்தை அளக்கும் கருவியான டைலடோமீட்டர் பதிவு செய்வது இந்தச் சுருக்கத்தைத்தான். முறை எளியது, நம்பகமானது. ஆனால் சிறிய மாதிரி ஒன்றை வெட்டியெடுத்து உலைக்குள் வைத்தாக வேண்டும்.

லேசர் மீயொலி முறையில், ஒரு லேசர் துடிப்பு உலோகப் பரப்பில் மீயொலி அலையை (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை) எழுப்ப, மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை இன்னொரு லேசரும், ஒளியலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு நுண்ணிய அசைவை அளக்கும் குறுக்கீட்டுமானியும் உலோகத்தைத் தொடாமலேயே படித்துவிடுகின்றன. சாதாரண மீயொலி உணரியைப் பழுதாக்கும் வெப்பம் இங்கே தடையே அல்ல. அலையின் வேகம் நிலைமாற்றத்தைக் காட்டும் அதே வேளையில், அலை வலுவிழக்கும் அளவு, உலோகத்தை ஆக்கும் நுண்படிகங்களான படிகமணிகள் எவ்வளவு பருத்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுவதே, என் பார்வையில், இதன் பெரிய பலம். டைலடோமீட்டரால் அது இயலாது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 770 டிகிரியை ஒட்டி இரும்பு காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் பண்பை இழக்கும்போதும் ஒலிவேகம் குறையும் போக்கு மாறுகிறது. அதை நிலைமாற்றமாக எண்ணிவிடக் கூடாது. எனவே புதிய எஃகு வகை ஒவ்வொன்றுக்கும் முதலில் டைலடோமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே லேசர் அளவீட்டை நம்புவது நல்லது.