4,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு முள்காட்டைப் பூங்கா என்கிறார்கள்: வீடு வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

எங்களுக்கு வீடு விற்ற கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை வந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. "வசதிகள் மேம்பாட்டுக் கட்டணமாக நீங்கள் செலுத்திய தொகை முழுமையாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டது." அந்தத் தொகை 4,85,000 ரூபாய். எங்கே செலவிட்டார்கள், எதற்குச் செலவிட்டார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அதற்குக் கீழே இன்னொரு வரி: கிளப் ஹவுஸ் திறக்கப்படும்போது உறுப்பினர் கட்டணத்தைத் தனியாகச் செலுத்த வேண்டுமாம்.

நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. சென்னைக்குத் தெற்கே ஓ.எம்.ஆர். சாலையில் கேளம்பாக்கம் தாண்டி, கட்டம் கட்டமாக ஒரு குட்டி நகரத்தையே கட்டி விற்கும் நிறுவனம். இவ்வளவு போதும்.

2021-இல் அவர்களுடைய விற்பனை அலுவலகத்துக்கு மனைவி, மகள், அப்பா என்று குடும்பத்தோடு போனோம். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நகரத்தின் மாதிரி. விரல் உயரக் கட்டடங்கள், பச்சைப் பஞ்சில் செய்த மரங்கள், சாலையோரம் ஊசிமுனை அளவு விளக்குகள். அங்கிருந்த இளைஞர் ஒரு பொத்தானை அழுத்தினார். பூங்கா மட்டும் ஒளிர்ந்தது. இன்னொன்றை அழுத்தினார், பள்ளிக்கூடம். அடுத்து கிளப் ஹவுஸ், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பஸ் நிற்கும் இடம். என் மகள் கண்ணாடியில் விரல் வைத்து, "நம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம்" என்றாள்.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பூங்கா நிச்சயமாக வருமா, தம்பி?"

மேலாளர் நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அய்யா, என்னை நம்ப வேண்டாம். சட்டத்தை நம்புங்கள். பத்து சதவீத நிலத்தைப் பூங்காவுக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் எங்களுக்கு அனுமதியே கிடைக்காது" என்றார். தண்ணீர் பற்றிக் கேட்டேன். "நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கத்திலேயே இருக்கும்போது என்ன கவலை, சார்?" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். வசதிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்றார்கள். அப்பா மறுநாளே அஞ்சலக வைப்புத் தொகையை முடித்து 4,85,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

மேலாளர் அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்துவிட்டார்கள். நிலத்தைக் கொடுத்ததோடு அவர்கள் கை கழுவியாயிற்று. அதில் மரம் நட்டு, நடைபாதை போட்டு, விளக்கு வைப்பது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெம்மேலி ஆலையும் உண்மைதான். 2013-இலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனில் இயங்குகிறது. 2024-இல் பதினைந்து கோடி லிட்டர் திறனில் இரண்டாவது ஆலையும் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. எங்களுக்கு லாரித் தண்ணீர்.

2023-இல் குடியேறினோம். பூங்காவுக்கான இடத்தில் ஒரு நீலப் பலகை நிற்கிறது: "பூங்கா இடம் – ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டது." பலகைக்குப் பின்னால் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, எங்கள் கட்டடத்தைக் கட்டி முடித்த மிச்சம் எல்லாம் அங்கேதான். நடுவில் ஒரு சறுக்கு மரம். அதன் ஏணியில் கீழ் இரண்டு படிகள் இல்லை. கழிவுநீர் நிலையம் என்று காட்டிய இடத்தில் கான்கிரீட் தொட்டி மட்டும் இருக்கிறது, மோட்டார் இல்லை, மழைநீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது. கழிவுநீரை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது, அந்தச் செலவும் எங்கள் தலையில். தெருவிளக்குக் கம்பங்களை நட்டார்கள், இணைப்புக் கொடுக்கவில்லை. அப்பா விடியற்காலையில் கையில் டார்ச் லைட்டோடு, தண்ணீர் லாரிகள் வந்து போகும் சாலையின் ஓரத்தில் நடக்கிறார்.

கேட்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாதம், "வேலை நடக்கிறது, சார்." மூன்றாம் மாதம் மேலாளர் மாறிவிட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது. ஆறாம் மாதம், "கோப்பு சி.எம்.டி.ஏ.வுக்குப் போய்விட்டது" என்றார்கள், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவுபடுத்தினார்கள் அல்லவா, அதைச் சாக்காக்கினார்கள். என் புகாருக்கு எண் கொடுப்பார்கள், ஒரு வாரத்தில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். நான்கு முறை அப்படி வந்தது, ஒரு முள்செடியைக்கூட வெட்டவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், "இடம் எங்களிடம் இருக்கிறது, பூங்கா போட நிதி இல்லை; நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறார்கள். நிறுவனத்தைக் கேட்டால், "நிலத்தை ஒப்படைத்துவிட்டோம், ஊராட்சியைக் கேளுங்கள்" என்கிறார்கள். அப்படியென்றால் என் 4,85,000 ரூபாய் எதற்கு?

பிறகுதான் ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் இணையதளத்தில் எங்கள் திட்டத்தின் பதிவைத் தேடிப் பார்த்தேன். முன்பதிவு செய்யும் முன் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரே நகரமாக விற்றாலும் அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம். நான் வாங்கியது முதல் கட்டம். பள்ளிக்கூடமும் கிளப் ஹவுஸும் மூன்றாம் கட்டத்து நிலத்தில் இருக்கின்றன. மூன்றாம் கட்டம் இன்னும் பதிவே ஆகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் ஒன்றாக ஒளிர்ந்தன. பத்திரத்தில் எனக்குச் சேர வேண்டியவையாக அவற்றில் ஒன்றும் இல்லை.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். 4,85,000 ரூபாய்க்கான ரசீது கட்டுமான நிறுவனத்தின் பெயரிலேயே இல்லை. 'பராமரிப்புச் சேவை' என்று முடியும் வேறொரு நிறுவனம். கீழே பொடி எழுத்தில் "திருப்பித் தரப்படாது." வீட்டுக்கென்று வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் அந்த ரெரா சட்டம். அந்தக் கணக்குக்குள் வராமல் இருக்கத்தான் இப்படி வேறு பெயரில் வாங்கினார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளம்பரத்தில் பொய்யான வாக்குறுதி கொடுத்து அதனால் நஷ்டம் வந்தால் இழப்பீடு கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. நல்லவேளை, அந்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை மனைவி பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் புகார் தயாராகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில. எந்த வசதி எந்தக் கட்டத்தில் வருகிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்பது பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது எதுவும் செல்லாது. ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், வாங்குவதே சட்டவிரோதம். ரசீதில் வேறு பெயர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே விற்பனை அலுவலகத்தில் இரண்டாம் கட்டத்துக்கு முன்பதிவு. அதே கண்ணாடிப் பெட்டி, அதே பொத்தான்கள். போகிறவர்கள் பணம் கட்டும் முன் பின்பக்க வாயில் வழியாக ஐந்து நிமிடம் நடந்து அந்த நீலப் பலகை வரை வாருங்கள். காலை ஏழு மணியிலிருந்து நானும் அப்பாவும் அங்கேதான் இருப்போம்.