30, 38, 49 மி.மீ.: இரவுப்பார்வைக்கு ஏற்ற ஸ்கோப் உயரம் எது?

இரவிலும் பயன்படப்போகும் துல்லியத் துப்பாக்கியில், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தாங்கும் மவுண்ட்டின் உயரத்தை, ஸ்கோப்புக்கு முன்னாலோ பின்னாலோ வந்து சேரும் இரவுப்பார்வைக் கருவியே முடிவு செய்கிறது. இங்கே உயரம் என்பது ரெயிலின் (துப்பாக்கியின் மேல் கருவிகளை மாட்டும் பட்டையின்) மேற்பரப்பிலிருந்து ஸ்கோப் குழாயின் மையம் வரையிலான அளவு. சில தயாரிப்பாளர்கள் குழாயின் அடிப்பகுதி வரை மட்டுமே அளந்து சொல்வதால், 34 மி.மீ. குழாய்க்கு 38 என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் 21 என்பார். வாங்குமுன் இதைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

30 மி.மீ. மவுண்ட்டில் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் இயல்பாகப் படியும். பகலில் மட்டும் சுடுபவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 56 மி.மீ. முன்லென்ஸ் கொண்ட ஸ்கோப்பின் முகப்பு, வெளிவிட்டத்தில் 60 மி.மீ.யைத் தாண்டிவிடுகிறது, அதன் கீழே ரெயில் நீண்டால் 30 மி.மீ.யில் அது இடிக்கும். ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டும் இரவுப்பார்வைக் கருவியான கிளிப்-ஆனுக்கோ அந்த நீண்ட ரெயில்தான் இருக்கை.

38 மி.மீ., அதாவது 1.5 அங்குலம், பல கிளிப்-ஆன் கருவிகளின் ஒளியச்சு (லென்ஸின் மையக்கோடு) அமையும் உயரத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. கருவியிலிருந்து ஒளி இணைகதிர்களாக வெளிவருவதால், அச்சுகள் சில மி.மீ. விலகினாலும் குறி நகராது. வெளிச்சமும் படத்தின் ஓரமும்தான் குறையும். கருவியின் உருப்பெருக்கம் சரியாக ஒரு மடங்காக இல்லாவிட்டால், அது சாயும்போது குறியே நகரக்கூடும் என்பதால், உயரத்தைவிட ரெயிலின் விறைப்பில் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கத் தரைப்படை தன் பழைய எம்24 துல்லியத் துப்பாக்கியை எம்2010 ஆக மாற்றியபோது, பிவிஎஸ்-30 என்ற கிளிப்-ஆன் கருவி ஸ்கோப்புக்கு முன்னால் அமர்வதற்கென நீண்ட ரெயில் கொண்ட புதிய சட்டகத்தையே அமைத்தது.

49 மி.மீ. மவுண்ட், தலைக்கவசத்தில் பொருத்திய பிவிஎஸ்-14 என்ற ஒற்றைக்கண் இரவுப்பார்வைக் கருவி வழியாக ஸ்கோப்பின் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கானது. முக்காலியில் வைத்து நின்று சுடும்போது கழுத்துக்கு அது இதம். குப்புறப் படுத்துச் சுடுகையில் கன்னத்துக்குப் பிடிமானம் போய்விடும். ஒளியிலும் இழப்பு உண்டு: 56 மி.மீ. லென்ஸ் 10 மடங்கு உருப்பெருக்கத்தில் தரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.6 மி.மீ. மட்டுமே, அதை வாங்கும் பிவிஎஸ்-14-இன் லென்ஸோ இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமானது. ஆகவே படம் இருண்டுபோகும். குறைந்த உருப்பெருக்க ஸ்கோப்புக்கு ஏற்ற இந்த முறையைத் துல்லியத் துப்பாக்கிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உயரம் கூடினால் குறி கெடும் என்ற அச்சம் கணக்கில் நிற்பதில்லை. 100 மீட்டரில் குறி சரிசெய்த துப்பாக்கியில் ஸ்கோப்பை 10 மி.மீ. உயர்த்தி மீண்டும் அதே தொலைவில் சரிசெய்தால், 300 மீட்டரில் 20 மி.மீ., 1000 மீட்டரில் 90 மி.மீ. வேறுபாடு வரும். பின்னதுகூட 0.1 மில்லுக்கும் குறைவே (ஒரு மில் என்பது 1000 மீட்டரில் ஒரு மீட்டர்). குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில் புதிய உயரத்தைப் பதிந்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

எனவே என் தேர்வு 38 மி.மீ., கூடவே 8 மி.மீ.யாவது உயர்த்தக்கூடிய கன்னத்தாங்கி. கிளிப்-ஆன் மாட்டியதும் ஸ்கோப்பின் குவியத்தைச் சரிசெய்யும் பக்கக் குமிழை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு, இலக்கின் தெளிவை கிளிப்-ஆனின் வளையத்தில் சரிசெய்ய வேண்டும்.