புகைக்கூட்டுப் பிறஷ் எண்டு சொல்லி 18,500 ரூபா பறிக்கிறாங்கள், கவனம்

குசினிப் புகைக்கூட்டை நீங்களே துப்புரவாக்கலாம் எண்டு வீடியோ போட்டு, பிறஷும் தடியும் விக்கிற ஒரு ஒன்லைன் பக்கத்தில போனது 18,500 ரூபா. பக்கத்தின்ர பேர் இங்க போடேல்லை, கீழ இருக்கிற அடையாளங்கள் போதும். அந்தக் காசுக்கு வந்த சாமான் புகைக்கூட்டுக்கே உரியதில்லை. உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குப் பின்னால போற காத்துக்குழாயில அடைக்கிற பஞ்சைத் தட்டிற நைலோன் பிறஷ்.

2022இல காஸுக்கு வரிசையில நிண்ட பிறகு யாழ்ப்பாணத்தில கனபேர் பின்குசினி விறகடுப்பைத் திரும்ப மூட்டினவை. அதுவும் வெட்டின சூட்டோட பச்சைக் கிளுவையும் பூவரசும், மழையில நனைஞ்ச பனைமட்டையும். ஈர விறகு எரியிறதைவிடப் புகையிறதுதான் கூட. அந்தப் புகை கூட்டின்ர மேல்பாதியில குளிர்ந்து கீலா, தார் மாதிரிப் படியும். உதுக்குப் பிறஷ் தேடுற ஆக்கள் கூடிப்போச்சினம், அது அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

நம்ப வைச்சது விலைக்கழிவோ வடிவான படமோ இல்லை, கேட்ட கேள்வியள். "அண்ணை, கூடு சதுரமோ வட்டமோ? உள்ளளவு எத்தினை இஞ்சி? அடுப்பு மேடையிலயிருந்து மேல் தட்டு மட்டும் எத்தினை அடி? இடையில வளைவு இருக்கோ?" தொழில் தெரிஞ்சவன் கேக்கிற கேள்வி நாலும் அதேதான். 9 இஞ்சி சதுரம், 16 அடி எண்டு சொன்ன உடன, "அப்ப உங்களுக்கு 9 இஞ்சி சதுர உருக்குக் கம்பிப் பிறஷ், ஒரு மீற்றர் பைபர்கிளாஸ் தடி ஆறு. இருபது அடிக்குக் கிட்ட வரும், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." கணக்கும் சரி. உங்கட அளவுக்கெண்டு செய்யிறதால சாமான் வந்தாப் பிறகு காசு எண்ட கதை இல்லையாம், 18,500 முழுக்க வங்கியில போடவேணுமாம். அளவெடுத்துச் செய்யிறவன் முற்காசு கேக்கிறது ஊர் வழக்கம்தானே, தச்சனும் கேக்கிறார். அந்த இடத்திலதான் ஆளை விழுத்துறாங்கள்.

பெட்டியின்ர முகப்பில புகைக்கூட்டுப் படம் போட்ட ஸ்ரிக்கர். மூலையை நகத்தால கிளப்பினால் கீழ உண்மையான அச்சு: ஒரு உலர்த்தி மெசின், அதுக்குப் பக்கத்தில மடிச்ச துவாய். உள்ளுக்கு 4 இஞ்சி வட்ட நைலோன் பிறஷ் ஒண்டு. தடி ஆறு, எண்ணிக்கையில மட்டும் குறையில்லை. ஒவ்வொண்டும் 16 இஞ்சி. ஆறையும் பூட்டினால் 8 அடி, 16 அடிக் கூட்டில பாதி வழி. முற்றத்தில வைச்சு ரெண்டு தடியைப் பூட்டிக் கொஞ்சம் வளைச்சால், நசிச்சு விட்ட பித்தளைப் பூண் தடியிலயிருந்து கழண்டு கையோட வருது. கூட "கரி கரைக்கும் பவுடர்" எண்டு ஒரு பைக்கற் இனாம்.

உது ஏன் உதவாது எண்டால், கல்லுக்கட்டு அல்லது செங்கல் கூட்டுக்கு உருக்குக் கம்பிப் பிறஷ்தான் வேணும். நைலோன், பொலிப்புரொப்பிலீன் எல்லாம் உருக்குக் குழாய் வைச்ச கூட்டுக்கு. 9 இஞ்சிச் சதுரத்துக்குள்ள 4 இஞ்சி வட்டம் போனால் ஒரு சுவரில ஒரு கோடு இழுக்கும், மூலை நாலும் கரியோட அப்பிடியே இருக்கும். பெரிய ஆபத்துப் பூட்டில இருக்கு. வலப்பக்கப் புரி, உள்ளுக்கு நிண்டு ஒருக்கா இடப்பக்கம் சுத்தினால் புரி கழண்டு பிறஷ் மேலயே நிண்டிடும். றில்லில பூட்டிச் சுத்தச் சொல்லித்தான் வீடியோவில காட்டுறாங்கள். பிறஷ் சிக்கின கூட்டுக்குக் கீழ அடுப்பெரிச்சால் புகையும் நச்சுவாயுவும் வீட்டுக்குள்ளதான் திரும்பும். அதை எடுக்க மேல் கொங்கிறீற் தட்டைக் கழட்ட வேணும், மேசன் கூலி வேற.

அந்தப் பவுடர் நெருப்பில போட வெடிக்குது, சுவாலை மஞ்சளாகுது, நாக்கில வைச்சால் கறியுப்பு. உண்மையான கரிப் பவுடர் எண்டு சாமான் இருக்கு, ஆனால் அதுவும் ஒட்டிற கீலைக் கொஞ்சம் காயவைக்கும், அவ்வளவுதான். பிறகும் பிறஷ் போடத்தான் வேணும். உப்பை எரிச்சால் தகரக் குழாய்தான் துருப்பிடிக்கும்.

இனி அவங்கட மறுமொழியள். முதல், "ஐயோ அண்ணை, கொழும்பு ஸ்ரோரில மாறிப் போட்டாங்கள், நாளைக்கு மாத்தித் தாறம்." பேந்து பெட்டி பிரிக்கேக்க எடுத்த வீடியோ வேணுமாம். அதை அனுப்பினால் கூரியர்காரரின்ர பிழை, அவையிட்டக் கேளுங்கோ. கூரியர்க் கந்தோரில இருந்த பிள்ளை, பெட்டிக்குள்ள என்ன எண்டு தாங்கள் பாக்கிறேல்லை எண்டுது, அது ஞாயம். திரும்ப எடுத்தால் புதுக் குரல்: "சேர், பாவிச்ச சாமான் நாங்கள் எடுக்கிறேல்லை." பாவிக்கவே இல்லை எண்டதுக்குச் சொன்னதுதான் வயிறெரியுது. "4 இஞ்சியும் ஒரு சைஸ்தானே சேர், ரெண்டு தரம் கூட இழுத்தால் சரி." 18,500 ரூபாயை வேண்டிப்போட்டுச் சொல்ற கதை! கடைசியா அடுத்த ஓடருக்கு 10 வீதக் கழிவு தாறம் எண்டு ஒரு மெசேஜ். இப்ப அந்த நம்பரில படமும் இல்லை, அனுப்பிற மெசேஜ் ஒரு சரி அடையாளத்துக்கு மேல போறதும் இல்லை.

புகைக்கூடு துப்புரவாக்கிற முறையை முழுசா எழுதத்தான் இருந்தது. இப்ப இருக்கிற கோவத்தில முக்கியமானது மட்டும்.

உங்கட அளவைக் கேக்கிறவனிட்ட அவன்ர சாமானை மீற்றர் நாடா வைச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, காசு போட முதல். பிறஷின்ர குறுக்களவு, ஒரு தடியின்ர நீளம், பூட்டு, மூண்டும் தெரியவேணும்.

கூட்டின்ர வாய்க்கும் மேல் தட்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளியை அளவுங்கோ. எங்கட பக்கத்துக் கூடு கனக்க மேல மூடி, நாலு பக்கமும் திறப்பு வைச்சுக் கட்டினது. இறுக்கமான கம்பிப் பிறஷைப் பாதி வழியில திருப்பி இழுக்க ஏலாது, கம்பி எதிர்ப்பக்கம் மடியாமல் இறுகும். முழுசா வாய்க்கு வெளிய தள்ளித்தான் இழுக்கவேணும். அந்த இடைவெளி பிறஷின்ர உயரத்திலும் குறைவெண்டால் கீழயிருந்து தள்ளுற சோலியே வேண்டாம். முதல் அணில் கூடு, மைனாக் கூடு இருக்கோ எண்டும் பாருங்கோ.

அடுப்பு முழு நாள் ஆறியிருக்கவேணும். அடுப்பு வாயை நனைச்ச சாக்கால மூடி, தடி போக மட்டும் ஓட்டை விடுங்கோ. மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. தடியை எப்பவும் வலப்பக்கமே சுத்துங்கோ. விழுந்த கரியைப் பொலித்தீன் பையில கட்டாதேங்கோ, மூடியுள்ள தகர வாளி.

கூட்டின்ர உள்சுவரை ஆணியால சுரண்டிப் பாருங்கோ. 3 மில்லிமீற்றர் படிஞ்சிருந்தால் துப்புரவாக்கிற நேரம் வந்திட்டுது. சுரண்ட உதிராமல் மினுங்கிற கீல் எண்டால் எந்தப் பிறஷும் எடுக்காது, கூட்டுக்குள்ள தீப்பிடிக்கிறது அதுதான். வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ. அசிற் ஊத்தாதேங்கோ, சுண்ணாம்புக் கல்லையும் சாந்தையும் தின்னும்.

காசு போன ஆக்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட தொலைபேசி இலக்கத்தில சொல்லலாம், ஆனால் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு போகவேணும். வங்கிச் சிலிப், பெட்டி, ஸ்ரிக்கர் ஒண்டையும் எறியாதேங்கோ. அவங்கட குரல் பதிவுகளை இப்பவே வேற போனுக்கு மாத்துங்கோ. 9 இஞ்சிப் பிறஷ் எண்டு சொன்ன பதிவை அவங்கள் என்ர போனில ஏற்கனவே அழிச்சாச்சு.