மூன்று இன்வெர்ட்டர், ஒரே லைன்: சுமையை எப்படிப் பங்கு போடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில், கூரைமேல் சோலார் பலகை இருந்தும் மின்வாரியமான தெனாகாவின் மின்சாரம் போனால் வீடு இருட்டாகிவிடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது பழுதில்லை, பாதுகாப்பு விதி. லைனில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தெனாகா லைன் போனதும் தானும் நின்றுவிடும். அந்த நேரத்திலும் தமிழ்ப்பள்ளி, கோவில் மண்டபம், கூட்டுறவுக் கடை மூன்றும் ஓட வேண்டுமென்றால், தெனாகா லைனிலிருந்து முறைப்படி துண்டித்துக்கொண்டு, பேட்டரி உள்ள இன்வெர்ட்டர்கள் சேர்ந்து சுமை தூக்க வேண்டும்.

சும்மா இரண்டு இன்வெர்ட்டரின் வயரை முறுக்கிக் கட்டினால் நடக்காது. வோல்ட்டேஜிலோ கட்டத்திலோ (ஃபேஸ், அதாவது மின் அலை ஏறி இறங்கும் நேரம்) கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும், ஒன்று மற்றதுக்குள் மின்சாரத்தைத் தள்ளும். கடைசியில் இரண்டும் சூடேறி நின்றுபோகும். இதைச் சமாளிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, மாஸ்டர்-ஸ்லேவ். ஒரு இன்வெர்ட்டர் வோல்ட்டேஜையும் அதிர்வெண்ணையும் அமைக்கும். எவ்வளவு ஆம்பியர் தர வேண்டும் என்ற கட்டளை தகவல் கேபிள் வழியாக மற்றவற்றுக்குப் போகும். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் இதைவிடத் துல்லியமான பங்கீடு கிடையாது. ஆனால் பள்ளிக்கும் கோவிலுக்கும் நடுவே சில நூறு மீட்டர் செப்புக் கேபிளை இழுத்துவிட்டு, நம் ஊர் சாயங்கால இடியை அதன் பக்கத்தில் விழவிட்டால் என்ன ஆகும்? முதலில் கருகுவது அந்தத் தகவல் போர்டுதான். ஃபைபர் போட்டால் இடிக்குத் தப்பலாம், சரி. மாஸ்டரே படுத்துவிட்டால்? அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேறொன்று தயாராக இல்லாவிட்டால் மொத்த லைனும் இருட்டு.

இரண்டாவது, ட்ரூப் எனப்படும் சரிவு முறை. இதன் வேர் ஆலை டர்பைனில் இருக்கிறது. செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய மோட்டார் ஒன்று ஏறும்போது டர்பைனின் ஓசை கொஞ்சம் இறங்கும். சுமை கூடினால் சுழற்சி குறையும், அதிர்வெண் இறங்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நீராவியைக் கூட்டும். சுழலும் பாகமே இல்லாத இன்வெர்ட்டரையும் அதே மாதிரி நடக்கவைக்கலாம் என்று சந்தோர்கர், திவான், அடப்பா மூவரும் 1993இல் விளக்கமாக எழுதினார்கள்.

கோவிலில் 10 கிலோவாட், பள்ளியில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமையே இல்லாதபோது இரண்டும் 50 ஹெர்ட்ஸ். முழுச் சுமையில் 49.5. இப்போது 9 கிலோவாட் சுமை வருகிறது. லைன் 49.7 ஹெர்ட்ஸில் நிற்கும். கோவில் 6, பள்ளி 3 கிலோவாட் தரும். ஒன்றோடொன்று பேசவே இல்லை, கேபிளும் இல்லை! லைன் முழுக்க அதிர்வெண் ஒன்றுதான் என்பதால் பங்கு பிசகுவதில்லை. மின்விசிறிக்கும் ஐஸ்பெட்டிக்கும் 49.7 ஒரு பொருட்டே அல்ல. பேட்டரி நிரம்பியதும் அதிர்வெண்ணை 50க்கு மேல் ஏற்றினால், அந்தச் சைகையைப் புரிந்துகொள்ளும் சோலார் இன்வெர்ட்டர்கள் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மோட்டார்களின் காந்தப்புலத்துக்காக லைனில் போய்த் திரும்பும் எதிர்வினைத் திறனை (ரியாக்டிவ் பவர்) இந்த முறை வோல்ட்டேஜை வைத்துப் பங்கிடுகிறது. வோல்ட்டேஜ் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்தப் பங்கு கோணும். அதோடு, ட்ரூப் கணக்கு உயர் அழுத்த லைனை மனதில் வைத்துப் போட்டது. 400 வோல்ட் கேபிளில் மின்தடை, தூண்டல் மறிப்பைப்போல (காயில் மாதிரி மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம்) ஏழெட்டு மடங்குகூட இருக்கலாம். அங்கே அதிர்வெண்ணும் வோல்ட்டேஜும் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடும். இதற்கு மென்பொருளிலேயே இல்லாத காயில் ஒன்று இருப்பதாக நடிக்கவைப்பார்கள். மெய்நிகர் மறிப்பு என்று பெயர். அப்புறம், 80 விழுக்காடு நிறைந்த பேட்டரியும் 20 விழுக்காட்டில் இருக்கும் பேட்டரியும் ஒரே சரிவில் ஓடினால், காலியாகப் போவது முதலில் காய்ந்துவிடும். இருப்புக்கு ஏற்பச் சரிவு மாற வேண்டும்.

மூன்றாவது, மெய்நிகர் ஜெனரேட்டர். ஜோங், வைஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட 'சிங்க்ரான்வெர்ட்டர்' இந்த வகை. சரிவோடு நிற்காமல், கனமான சக்கரத்தின் நிலைமத்தையும் (வேகம் சட்டென மாறாத குணம்) இன்வெர்ட்டர் நடித்துக்காட்டும். ஆலை டர்பைனோ டீசல் ஜெனரேட்டரோ கூட ஓடும் இடத்தில் இதற்கு மதிப்பு உண்டு. வெறும் ட்ரூப் இன்வெர்ட்டர் வேகமானது, திடீர்ச் சுமையை ஜெனரேட்டருக்கு முன்னால் தானே முழுசாக வாங்கிக்கொண்டு திணறும். நிலைமம் இருந்தால் அதிர்ச்சி பங்காகும். ஆனால் அளவு தப்பினால் இரண்டும் ஊசலாடத் தொடங்கும். சரிசெய்யத் தேர்ந்த ஆள் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்று மாறாது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் தருவது சுமார் 22 ஆம்பியர். இரண்டு மடங்கு தள்ளினாலும் 44. ஷார்ட் சர்க்கியூட் ஆனால் 32 ஆம்பியர் பி வகை பிரேக்கர் உடனே விழ 96 முதல் 160 ஆம்பியர் வேண்டும். மெய்நிகர் ஜெனரேட்டர் என்ற பெயர் இந்த ஆம்பியரைக் கொண்டுவராது. பாதுகாப்பைத் தனியாகக் கணக்குப் போட்டே தீர வேண்டும்.

மூலங்கள் சிதறிக் கிடக்கும் நம் தோட்டப்புற ஊருக்கு என் தேர்வு ட்ரூப். ஒரே கட்டடத்துக்குள் அடுக்கி வைத்த இன்வெர்ட்டர்களுக்கு மட்டும் மாஸ்டர்-ஸ்லேவ் போதும். ஆலை லைனோடு சேரும் திட்டமென்றால் மூன்றாவதைப் பார்க்கலாம். வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரரிடம் விலை கேட்கும்போதே, தகவல் கேபிளைக் கழற்றிவிட்டு, முழுச் சுமையில் இரண்டு இன்வெர்ட்டரும் சேர்ந்து ஓடுவதை நேரில் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒன்றை அணைக்கச் சொல்லி, மீதி இருப்பது தாங்கும் அளவுக்குச் சுமை தானாகக் குறைகிறதா என்றும் பாருங்கள்.