தூத்துக்குடியில இலங்கை மிளகு இறக்குறவங்களுக்கு, நான் போற கிளியரிங் ஆபீஸ் (கஸ்டம்ஸ் வேலைய முடிச்சு சரக்க வெளிய எடுத்துக் குடுக்குறவங்க) பத்தி

கொழும்புல இருந்து மிளகு எடுத்து விக்கிறேன், சின்ன யாவாரம்தான். ஹார்பர் பக்கம் இருக்குற இந்த ஆபீஸுல இதுவரைக்கும் ரெண்டு லோடு கிளியர் பண்ணிட்டேன், 5க்கு 4 ஸ்டார் மனசார குடுப்பேன்.

போன் போட்டதும் அந்த ஆபீஸ் அண்ணாச்சி கேட்ட மொத கேள்வியே "தம்பி, சர்டிஃபிகேட் எதுல வாங்கப் போறீக, இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துலயா சாஃப்டாவுலயா?" சரக்கு இலங்கையில வெளைஞ்சதுன்னு காட்டி டியூட்டி சலுகை வாங்குற சர்டிஃபிகேட் அது, சாஃப்டாங்கறது சார்க் நாடுகளோட வர்த்தக ஒப்பந்தம். முன்னாடி பாத்த ஏஜென்ட் இதக் கேக்கவே இல்ல, இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல டியூட்டி இல்லாம எறக்குற கோட்டா பாக்கி இருக்கும்போதே சாஃப்டா பேப்பர்ல சரக்கு வந்து வீணா டியூட்டி கட்டுனேன், இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

விஷயம் இதுதான். 2000 மார்ச்ல இருந்தே இலங்கையோட நமக்கு தனி ஒப்பந்தம் இருக்கு, அதுல வருஷத்துக்கு 2,500 டன் மிளகு டியூட்டி இல்லாம வரலாம். 2006ல சார்க் நாடுகளுக்கு சாஃப்டா வந்துச்சு, புதுசு வந்ததும் பழசு போயிருக்கும்னுதான் நானும் நெனச்சேன், ஆனா சாஃப்டாவோட 13வது பிரிவுலயே மத்த ஒப்பந்தத்துல குடுத்த சலுகைய இது தொடாதுன்னு இருக்கு, அதனால ரெண்டும் உசுரோடதான் இருக்கு. கோட்டாவுக்குள்ளன்னா சைபர், தாண்டுனா சாஃப்டாவுல 8 சதவீதம், ரெண்டும் இல்லன்னா 70. கிலோ 500 ரூபாய்க்கு கீழ மிளகு இறக்கவே கூடாதுங்கறதால டன்னுக்கு 8 சதவீதம்னாலே 40,000, 70ன்னா மூணரை லட்சம்!

ஒரு சரக்குக்கு ஏதோ ஒரு ஒப்பந்தத்துலதான் சலுகை கேக்க முடியும், கொழும்புல வணிகத் திணைக்களம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபார்ம்லதான் சர்டிஃபிகேட் தரும், சரக்கு வந்து நின்னப்புறம் மாத்த ஓடுனா டெமரேஜ் (சரக்கு போர்ட்ல தங்குறதுக்கான சார்ஜ்) ஏறும்.

இன்னொண்ணு, வியட்நாம் மிளகு இலங்கை மிளகுங்கற பேர்ல இலங்கை வழியா வருதுன்னு பிரச்சனை ஆனதுல இருந்து கஸ்டம்ஸ்ல துருவித் துருவி கேக்குறாங்க, 2020 ரூல்படி சரக்கு அங்க வெளைஞ்சதுக்கான விவரத்த நாமளே 5 வருஷம் வச்சிருக்கணும். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அதையெல்லாம் கேட்டு வாங்கி ஃபைல் போட்டுக் குடுத்தாங்க.

ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு காரணம் பில்லு, ஏஜென்சி சார்ஜையும் போர்ட் செலவையும் ஒண்ணாப் போட்டுருந்தாங்க, கேட்டப்புறம்தான் பிரிச்சுக் குடுத்தாங்க. அடுத்து கிராம்பு எடுக்கலாம்னு இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே எந்த ஒப்பந்தத்துல லாபம்னு பாத்துச் சொல்லுங்கன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.